கீழுதட்டுக்குக் கீழே ஒரு குழி

ஊரார் சான்றிதழையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆயுளைக் கூட்டிக் கொடுக்கும் லேமினேஷன்காரருக்குச் சொந்த மகளின் முகம் தெரியாது. பிறந்த அன்றே போய்விட்ட குழந்தை. அவர் வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆக, அந்த முகம் மிச்சமிருந்த ஒரே இடம் அவர் மனைவியின் ஞாபகம்தான்.

அந்த ஞாபகத்தில்தான் இப்போது ஓட்டை விழுந்திருந்தது. அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். சரி, யார்தான் மறக்கவில்லை? கூடப்பிறந்த அண்ணனையே வாசலில் நிற்க வைத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் இவர் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். இனி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மறுநாளே, கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த ஆயில் பேஸ்டல் வண்ணக்கட்டிப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். அவள் சொல்லச் சொல்ல மகளை வரைந்துவிடுவது என்று முடிவு. அதுவரை அவர் வரைந்ததெல்லாம் கடை வாசலுக்கு ஓர் அம்புக்குறி.

முதல் படத்தைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "உருளைக்கிழங்குக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்குங்க. என் பொண்ணு அப்படியா இருந்தா?"

அவர் விடுகிற ஆளில்லை. கறுப்பில் கண்ணை வரைந்துவிட்டு அதன்மேல் தோல் நிறத்தைத் தேய்த்தார். முகம் முழுக்கக் கரி அப்பிக்கொண்டது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில் என்பது மண்டையில் ஏறுவதற்குள் பாதிப் பெட்டி தீர்ந்தது. ஒரு நிறத்தை விரலால் இழுத்து இன்னொன்றில் கரைப்பது, அடுத்ததைத் தொடும் முன் விரலைத் துடைப்பது, குண்டூசியால் சுரண்டி முடி எடுப்பது எல்லாம் பட்டுத்தான் வந்தது. மைத்துனர் வந்து, இந்த வயதில் பொம்மை போட்டுக்கொண்டு என்ன விளையாட்டு என்று கேட்டார். பதில் சொல்ல இவருக்கு நேரமில்லை. அவள் தெளிவாக இருக்கும் காலைகள் குறைந்துகொண்டே வந்தன.

அப்படி ஒரு காலையில் அவள் படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் சுண்டுவிரலைப் பிடித்து, படத்தில் கீழுதட்டுக்குக் கீழே, நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, வைத்து அழுத்தினாள். நிறம் ஒதுங்கிச் சின்னதாக ஒரு குழி விழுந்தது.

"இவதாங்க," என்றாள்.

அவர் படத்துக்கு அருகே குனிந்தார். ஆயுசில் பாதி கழிந்தபின் மகளை முதல் தடவையாகப் பார்க்கிறார். மூக்கு அவருடையதேதான். அவள் படத்தை அப்படியே மார்போடு அணைத்துக்கொள்ள, ஒரு கன்னம் உடுப்பில் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்தார். ஆனால் இந்த நிறம் காய்வதில்லை, எப்போது தொட்டாலும் ஒட்டும். தொடாதே என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கடைகளில் தரும் பில்லை லேமினேஷனுக்குக் கொண்டுவருபவர்களிடம், மெஷின் சூடு பட்டால் இந்தத் தாள் கறுத்துப்போகும் என்று தினமும் படித்துப் படித்துச் சொல்பவர்தான். மகள் விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனதோ, பாவி மனிதருக்கு. படத்தை உறைக்குள் வைத்து, ஓரம் சரிபார்த்து மெஷினுக்குள் விட்டார். சூடான உருளைகள் இழுத்துக்கொண்டன. மறுபக்கம் வந்தபோது கண் நெற்றிவரை ஓடியிருந்தது, கன்னம் காதோடு கலந்திருந்தது, குழியைக் காணோம். குழந்தை என்று தெரிந்தது. எந்தக் குழந்தை என்றுதான் தெரியவில்லை.

உடனே புதுத்தாள் எடுத்தார். குழி வலமா இடமா என்பதே குழம்பிவிட்டது. கடையைப் பூட்டாமல்கூட, உறையிட்ட படத்தோடு வீட்டுக்கு ஓடினார்.

"குழி எந்தப் பக்கம்மா? யோசிச்சுச் சொல்லு."

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். வந்தவர் மனம் நோகக்கூடாதே என்பதுபோல் சிரித்தாள்.

"அழகா இருக்கு. யார் வீட்டுக் கொழந்தைங்க?"

"நம்ம வீட்டுக் கொழந்தைதாம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு, கன்னம் இருந்த இடத்தை அழுத்தித் தடவிக் கொடுத்தாள். விரலில் துளி நிறம்கூட ஒட்டவில்லை.