வெள்ளெலியின் வாசல்

தம்பிக்குத் தொழில் பிளம்பிங். அடைப்பு என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவன் கை சும்மா இருக்காது.

வறண்ட காட்டில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் அக்கா, தன் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தாள். ஒழுகலை நிறுத்திய கையோடு அவன் கிளம்பியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது? அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், வேலிக்குப் பின்னால் காலாற நடந்தான். புதரடியில் வரிசையாக வளைகள். ஒவ்வொன்றின் வாயும் மண் மூடிக் கிடந்தது. ஐயோ பாவம், எலிகள் உள்ளே மாட்டிக்கொண்டனவே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. உச்சி வெயிலில் மண்டியிட்டு எல்லாவற்றையும் தோண்டித் திறந்தான். புண்ணியத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தான்.

திரும்பி வந்த அக்கா பையைக் கீழே போட்டாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"அடைச்சுக் கிடந்துதுக்கா. எடுத்துவிட்டேன்."

"அடைச்சதே அதுங்கதான்டா! உள்ள இருக்கற ஈரம் போகக் கூடாதுன்னு பகல்ல வாசல மூடிக்கும். விடற மூச்சுல இருக்கற ஈரம் வளைக்குள்ளயே நிக்கும். சேத்து வெச்ச விதை அத உறிஞ்சிக்கும். அந்த விதையத் தின்னா தண்ணி திரும்பவும் உடம்புக்கே போயிடும்."

"அப்ப தண்ணியே குடிக்காதா?"

"மழை பெஞ்சு எத்தன மாசமாச்சு? எங்க போய்க் குடிக்கும்? மூத்திரத்தக்கூட சொட்டுச் சொட்டா, கெட்டியாத்தான் விடும்."

பேசிக்கொண்டே கிண்ணத்தை எடுத்துத் தூரக் கொட்டினாள். "இது வேற. பாம்புக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறியா?"

கடைசி வளையின் முன் வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "இதுல குட்டி இருக்குடா. பால் குடுக்கற தாய். அதுக்குத்தான் தண்ணி ரொம்பச் செலவாகும். குட்டி பெய்யறத நக்கித்தான் ஈடுகட்டும்."

வேறு நேரமென்றால் அவன் சீ என்றிருப்பான். இப்போது குனிந்து அந்த வளையின் வாயையே பார்த்தான். அனல் காற்று அந்தத் துளைக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"நானே மூடிடறேன்க்கா."

"தொடாத. மண் சரிஞ்சு குட்டி மேல விழும். உசுரோட இருந்தா அதுவே மூடிக்கும். தள்ளி வா."

இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். முதல் வளையில் மண் அசைந்தது. உள்ளிருந்து யாரோ முட்டித் தள்ளியதுபோல் வாசல் அடைபட்டது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் மூடிக்கொண்டன, கடைசியைத் தவிர. நிழல் நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள். அக்கா அந்த வளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. பெற்றவளையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். எழுந்து வளையை நோக்கி ஓடப் போனவனின் சட்டையைப் பிடித்து அக்கா உட்கார வைத்தாள்.

அப்போது துளையின் ஓரத்தில் இரண்டு மண்துகள்கள் உருண்டன. ஒரு மூக்கு தெரிந்து மறைந்தது. அடுத்து ஈர மண் குபுகுபுவென்று மேலே வந்தது. அவன் முகத்துக்கு நேராகவே வாசல் சாத்தப்பட்டது.

நாள் முழுக்க அடைப்பெடுத்தே சோறு தின்பவன், ஓர் அடைப்பைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

"போதும்டா," என்றாள் அக்கா, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "தண்ணிய வீணாக்காத."