இரண்டு கார்புரேட்டரும் ஒரு காதும்

என் கணவருக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. எங்கள் கல்யாணத்தைவிட ஆறு வயது மூத்தது. கூரை கிடையாது, இருக்கை இரண்டே இரண்டு. எஞ்சினுக்கும் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் வண்டி ஒழுங்காக நிற்கும். இல்லாவிட்டால் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கும். ஒரு வருஷமாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

மெக்கானிக் வந்து பெட்ரோல் வரும் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தார், பிளக்கை மாற்றினார். காற்றுத் திருகை மட்டும் இவர் தொட விடவில்லை. "சாமானெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், காத்தை மட்டும் சமமா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் சமமாத்தான் வெச்சிருக்கேன்" என்றார் இவர். இவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

இவருக்குக் காது மந்தமாகியும் ஒரு வருஷம் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? டாக்டரிடம் போகலாம் என்றால், "நீதான் வாய்க்குள்ளயே பேசுறே" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வீட்டில் கத்திக் கத்தி என் பேச்சே "சாப்பிட வாங்க", "கதவைச் சாத்துங்க" என்று சுருங்கிவிட்டது. கத்திச் சொல்ல முடியாதவை சில இருக்கின்றனவே, அவற்றைக் காரில் போகும்போது சொல்வேன். அங்கே மட்டும்தான் "என்ன, என்ன" என்று கேட்காமல் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டு வருவார்.

கடைசியில் பந்தயம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி நடுங்காமல் நின்றால் நான் டாக்டர் பேச்சே எடுக்கக் கூடாது. நடுங்கினால் அவர் முணுமுணுக்காமல் என்னோடு டாக்டரிடம் வர வேண்டும்.

ஞாயிறு காலை காபியோடு ஷெட்டுக்குப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கையில் ஒரு முழ ரப்பர் டியூப். ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்துக் காற்றின் 'உஸ்' சத்தத்தைக் கேட்டார். இடப்பக்கத்துக் கார்புரேட்டருக்கு இடது காது. வலப்பக்கத்துக்கு வலது காது.

"இந்தப் பக்கம்தான் கம்மி" என்று இடப்பக்கத்துத் திருகை இன்னும் கொஞ்சம் திறந்தார். வண்டி இன்னும் நடுங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பந்தயம் எனக்குத்தான். ஆனால் அந்தப் பழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது.

"டியூபைக் கொடுங்க." காபியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே காதால் கேட்டேன். இடப்பக்கம் குக்கர்போலச் சீறியது. வலப்பக்கம் பெருமூச்சுதான் விட்டது. இடப்பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். நடுக்கம் நின்றது. டம்ளரில் காபி அசையவே இல்லை.

"எப்படி?" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே காதை வெச்சேன்!" என்று கத்தினேன்.

டியூபை வாங்கி இடது காதில் வைத்தார். வலது காதில் வைத்தார். மறுபடி இடது. அந்தக் காதில் 'உஸ்' பாதிகூட விழவில்லை போலும். முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடுவாரா? "வண்டி நடுங்கல. அப்போ பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்" என்றார்.

வெற்றி உலா கிளம்பினோம். ஸ்டியரிங் வலப்பக்கம், நான் அவருக்கு இடப்பக்கம். பாட்டுப் பாடாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தவர், "இந்த வண்டியில ஏறினா மட்டும்தான் நீ வாயே திறக்க மாட்டே. அதான் எனக்கு இது மேல உசிரு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எட்டி, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன். "ஒரு வருஷமா பேசிக்கிட்டேதாங்க வரேன்!"

வண்டியை ஓரங்கட்டினார். "என்ன பேசினே?"

"எனக்கு மார்ல கட்டி வந்ததைச் சொன்னேன். அதைப் பரிசோதனைக்கு எடுத்தாங்கன்னு சொன்னேன். ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்னும் சொன்னேன். நீங்க சிரிச்சுத் தலையாட்டினீங்க. நீங்களே பயப்படலையேன்னு எனக்கு அவ்வளவு தைரியம் வந்துச்சு."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"இறங்கு. நீ ஓட்டு."

இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டியரிங்கைத் துடைப்பதற்குக்கூட என்னை விட்டதில்லை. நான் போய் உட்கார்ந்தேன். அவர் என் இருக்கையில் உட்கார்ந்து வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். இப்போ முதல்லேருந்து சொல்லு."

நான் கியரைப் போட்டேன். கத்தாமல் சொல்ல ஆரம்பித்தேன்.