வெயிலுக்குக் காற்று விடுதல்

டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவிகள் இருந்த இரண்டு பெட்டிகளைச் சுதாகரன் மேசையில் வைத்தான். வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் அவனுடைய கடை நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"இது மூடி மாதிரி, அண்ணை. வால்வு மூடியைக் கழட்டிப்போட்டு இதை முறுக்கினால் சரி. காருக்குள்ளை முன்னுக்குச் சின்னத் திரை ஒண்டு, வெயிலிலை தானே சார்ச் ஆகும். மற்றது சில்லுக்குள்ளை பூட்டுறது. டயரைக் கழட்டோணும். காத்துக் குறைஞ்சால் உங்கடை ஃபோன் கத்தும்."

"எது நல்லது?"

"மூடி மலிவு. ஆனால் கோயில் தேருக்குக் காரைக் கொண்டுபோய் விட்டிட்டுத் திரும்பி வந்து பாருங்கோ. சாமி இருப்பார், மூடி இராது."

"உள்ளுக்குப் பூட்டினால் வெளியிலை தெரியுமோ?"

"ஒண்டும் தெரியாது. வால்வு பழையபடிதான் நிக்கும். ஆனால் பஞ்சர் ஒட்டக் குடுக்கேக்கை சொல்லிப்போடுங்கோ. கம்பியாலை இடிச்சால் சாமான் உடைஞ்சுபோம்."

உள்ளே பூட்டுவதை எடுத்தேன். மூடியை யாரும் கழற்றலாம். யாரும் கைவைக்க முடியாத ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறியளாம்," என்றான் சுதாகரன், டயரைக் கழற்றிக்கொண்டே.

"ஓம்."

என் மகள் ஆரபிக்கு நாலு வயது. என் மனைவி பிரசாந்தி இறந்ததிலிருந்து புத்தூரில் பிரசாந்தியின் பெற்றோருடன், மாமா மாமியுடன், இருக்கிறாள். நானும் பிரசாந்தியும் கொழும்புக்குப் போகும் வழியில், மாங்குளம் தாண்டியதும் பின்பக்கத்து இடது டயர் வெடித்தது. கார் ஒரு மரத்தில் மோதியது. எனக்குத் தோளில் தையல். பிரசாந்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனாள். அன்று ஆரபியைப் புத்தூரில் விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

பொலிஸ் வளவில் கிடந்த காரைப் பார்த்த மெக்கானிக், காற்றுக் குறைந்து ஓடிய டயர் என்று சொன்னார். அன்று காலை நான் காற்றுப் பார்த்திருந்தேன். நாலும் சரியாக இருந்தன. எப்படிக் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மாமாவுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அவர் நாற்பது வருடம் வெங்காய லொறி ஓட்டியவர். அன்று காரை ஓட்டியது நான். அது போதும். ஆரபியை என்னோடு அனுப்பும்படி கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "உம்முடைய டயர் வெடிக்காதெண்டு எனக்குக் காட்டும். பிறகு பிள்ளையை ஏத்தும்."

ஞாயிற்றுக்கிழமை காட்டப் போனேன். இது வேறு கார். விறாந்தையில் வைத்து ஃபோனை நீட்டினேன். திரையில் காரின் படம், நாலு சில்லு, நாலு காற்றழுத்த எண்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காலமை எவ்வளவு கிடந்தது?"

"முப்பத்திமூண்டு, மாமா."

"இப்ப முப்பத்தேழு. அப்ப ஏறியெல்லோ கிடக்கு?"

"ஓடினால் ஏறும். வெயிலுக்கும் ஏறும். அது அளவுக்குள்ளைதான்."

அவர் தலையாட்டினார். "பெரிய விளையாட்டுச் சாமான்தான்," என்றார். ஃபோனைத் திருப்பித் தந்தார். மாமி ஆரபியின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அனுப்பப் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மாமா முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஃபோன் கத்தத் தொடங்கியது. திரையில் பின்பக்கத்து இடது சில்லு சிவப்பாக இருந்தது. எண் இறங்கிக்கொண்டே போனது.

கைகழுவாமல் வெளியே ஓடினேன்.

வேலியோரம் காரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் மாமா குந்தியிருந்தார். மோட்டார் சைக்கிள் திறப்பின் முனையை வால்வுக்குள் அழுத்திப் பிடித்திருந்தார். காற்று சீறியது. பெருவிரலால் டயரின் பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"மாமா, என்ன செய்யிறியள்?"

"காத்து விடுறன். நீர்தானே ஏறிப்போச்செண்டு காட்டினீர். மத்தியான வெயிலிலை இப்பிடி இறுகிப்போய் ஓடினால் வெடிக்காமல் என்ன செய்யும்? விரல் அமிழோணும். அதுதான் கணக்கு. நாங்கள் ஆனையிறவு தாண்ட முதல் லொறியை நிப்பாட்டிக் காத்து விட்டிட்டுத்தான் போறது."

"குறைஞ்சால்தான்…"

"நீர் வங்கியிலை இருந்து கணக்குப் பாத்தனீர். நான் றோட்டிலை கிடந்தனான்." அவர் அடுத்த சில்லுக்கு நகர்ந்தார். "அண்டைக்கும் பிரசாந்தியும் நீரும் சாப்பிடேக்கை நான்தான் நாலுக்கும் காத்து விட்டனான். நல்லாய் விட்டனான், கொழும்பு எண்டபடியால். அவ்வளவும் செய்து தந்தும் வெடிச்சதெண்டால், அது உம்முடைய ஓட்டம்."

என் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

சொல்ல வாய் எடுத்தேன். மாமி பையோடு வாசலில் நின்றாள். அவளுடைய இடுப்பில் ஆரபி.

"நாலுக்கும் விட்டுத்தான் பிள்ளையை ஏத்துவன்," என்றார் மாமா. "விருப்பமில்லையெண்டால் நீர் தனியப் போம்."

நான் விலகி நின்றேன். நாலு தடவை சீறி முடிந்தது. காருக்குள் சின்னக் காற்றுப் பம்ப் இருந்தது. அந்தக் குறுகிய ஒழுங்கை திரும்பியதும் நிறுத்தி அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆரபியைப் பின்னால் இருத்திப் பட்டியைப் பூட்டினேன். ஃபோனின் சத்தத்தை நிறுத்தினேன்.

புறப்பட்டதும் பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமியது. கண்ணாடியில் மாமா.

நான் எப்படி ஓட்டுகிறேன் என்று பார்க்க வருகிறார். ஒழுங்கை முடிவில் அவர் என் பின்னாலேயே நின்றார். பெரிய வீதியிலும் வந்தார். அவர் பார்க்கப் பம்பை எடுக்க முடியாது. சைக்கிள் வேகத்தில் போனேன். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. காரின் பின்பக்கம் பாயில் இழுபடுவதுபோல அசைந்தது. ஃபோன் திரையில் அழுத்தம் குறைவாகவே இருந்தது. டயரின் சூடு மட்டும் ஏறியது.

"அப்பா, ஏன் தாத்தா பின்னாலை வாறார்?"

"சும்மா."

வல்லை வெளி வந்தது. இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை. உப்புத் தரையில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. சூடு இன்னும் ஏறியது. இதற்கு மேல் ஓட்ட என்னால் முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

மாமாவும் நிறுத்தினார். நான் பம்பை எடுத்துப் பின்பக்கத்து இடது சில்லில் பூட்டினேன். அது இரைந்தது.

"என்ன செய்யிறீர்?"

"தொட்டுப் பாருங்கோ, மாமா."

அவர் டயரின் பக்கத்தில் கையை வைத்தார். உடனே எடுத்தார்.

"காத்துக் குறைஞ்சால் டயர் மடிஞ்சு மடிஞ்சு ஓடும்," என்றேன். "அந்தச் சூட்டிலைதான் வெடிக்கும். ஏறினதாலை இல்லை."

அவர் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். நாற்பது வருடம் லொறி ஓட்டிய மனிதர். கூட்டிக் கழிக்க அவருக்கு அதிக நேரம் தேவைப்படாது.

"அப்ப அண்டைக்கு…" என்றார். "அண்டைக்கு நான் விட்டது…"

பம்ப் இரைந்தது. பிரசாந்தியின் தகப்பன் என் முன்னால் நின்றார். பிரசாந்திக்கும் அதே நெற்றிதான்.

"இல்லை," என்றேன். "அண்டைக்கு நான் காரை வேகமாய் ஓட்டினன்."

பொய். அன்று எங்களுக்கு அவசரமே இருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதை என் கண்ணாலேயே கண்டேன். முதுகு நிமிர்ந்தது. மூச்சு வந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "முதல் நாளே தெரியும். இப்பதான் உம்முடைய வாயாலை வருது."

பின்கதவைத் திறந்தார். ஆரபியின் பட்டியைக் கழற்றினார்.

"மாமா."

"பிள்ளையைக் கொல்லக் குடுக்கச் சொல்லுறீரோ?"

சொல்லக்கூடிய ஒரே பதிலை நானே புதைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை. அவர் அவளைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் தன் முன்னால் இருத்தினார். அவள் அழவில்லை. ஒரு செருப்புக் கழன்று விழுந்தது. அவர் எடுக்கவில்லை. வீதியைக் குறுக்கே வெட்டிப் புத்தூர்ப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கண்டேன். அவர்களுடைய பாரத்தில் அது தாரில் அகலமாகப் பரந்து, பக்கங்கள் பிதுங்கியிருந்தது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது இதற்கும் விட்டிருக்கிறார், வெயிலுக்காக.

"மாமா, நில்லுங்கோ."

காற்று என் குரலை மறுபக்கம் கொண்டுபோனது. அவர் கோபத்தில் வேகமாக ஓட்டினார். அவர் வேகமாக ஓட்டி நான் கண்டதில்லை.

பம்பின் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு சில்லுக்கு மட்டும் பாதி அடித்திருந்தது. காருக்குள் ஏறி வளைத்துத் திருப்பி, அழுத்தினேன். காரின் பின்பக்கம் வழுக்கியது. ஹோர்னில் கையை வைத்து எடுக்கவில்லை. வெளியின் அந்தத் தூரத்துத் தொங்கலில் அவர்கள் ஒரு புள்ளியாக இருந்தார்கள். ஹோர்ன் கேட்டதும் நான் துரத்துகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் புள்ளி இன்னும் வேகமாகப் போனது.