அழுகிறவரை நம்பாதே

கம்ப்யூட்டர் திருட்டைத் தடுக்க விளையாட்டுப் போர் நடத்துகிறோம் என்று துறைமுகத்துக்காரர்கள் சரக்கு அனுப்புகிறவர்களையெல்லாம் சேலத்து ஓட்டலுக்குக் கூப்பிட்டபோது, மஞ்சுளா சாப்பாட்டுக்காகத்தான் போனாள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்து முட்டை விற்கிறவளுக்குப் போராவது மண்ணாவது! சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குத் திருடன் வேஷம் விழுந்தது. கம்ப்யூட்டரைத் தொடாமலே ஜெயித்தாள். கேட் அதிகாரி தமிழரசுவுக்குப் போன் போட்டு, "சாமி, கண்டெய்னர்ல முட்டை கெடுதுங்க, உள்ள உடுங்க" என்று ஓவென்று அழுதாள். மனுஷன் இளகிப்போய் பாஸ்வேர்டையே சொல்லிவிட்டார். ஒரே கைதட்டல். பொன்னாடை வேறு போர்த்தினார்கள். கூடவே ஒரு விதியும் போட்டார்கள்: போனில் அழுகிறவர் யாரானாலும் நம்பாதே. படித்தவர்கள் எலிவளையை அடைக்கப் போனால் வாசலையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்.

வைகாசியில் நிஜத் திருடன் வந்தான். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு துறைமுகத்துக் கம்ப்யூட்டர்களை முடக்கினான். கேட்டை மூடிவிட்டார்கள். வெளியே வரிசையில் நின்ற லாரிகளில் மஞ்சுளாவின் கண்டெய்னரும் ஒன்று. துபாய் வியாபாரி நம்பிக் கேட்ட முதல் சரக்கு. அது கெட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. பண்ணைக் கோழிகளைக் கறிக்குத் தள்ள வேண்டியதுதான்.

டிரைவர் வேலுசாமி கூப்பிட்டார். "பொட்டியைக் குளிர வைக்கிற ஜெனரேட்டர் நின்னுபோச்சுங்கம்மா. உள்ள போனாத்தான் கரண்டு. முன்னயும் நகர முடியல, பின்னயும் முடியல."

தமிழரசு மனது வைத்தால் கேட்டைக் கையாலேயே திறந்துவிடலாம். மஞ்சுளா அவரைப் போனில் பிடித்தாள். நிதானமாகத்தான் பேச நினைத்தாள். வாயைத் திறந்ததும் அழுகை முந்திக்கொண்டது. "சாமி, கண்டெய்னர்ல முட்டை கெடுதுங்க..."



"நீங்கதானே மேடம் அன்னைக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் தமிழரசு. "இப்பல்லாம் குரலையே திருடறாங்க. நீங்க மஞ்சுளாதான்னு நான் எப்படி நம்பறது?"

வைத்துவிட்டார். பாவம், அவரும் பயந்துதான் போயிருந்தார். அப்புறம் எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை. மறுநாளும் கேட் திறக்கவில்லை. வெயில் மட்டும் வஞ்சனையில்லாமல் அடித்தது. பெட்டிக்குள் சூடு ஏறிவிட்டது என்று வேலுசாமி சொன்னபோது அவர் குரலும் உடைந்திருந்தது.

புருஷன் பூபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்புள்ள, அன்னைக்கு எத்தனை நல்லா அழுதே. அதே மாதிரி இன்னொருக்கா அழுது பாரேன்."

"அதே மாதிரிதானுங்க அழுதேன்" என்றாள்.

கொட்டகையில் கோழிகள் தீனிக்குக் கத்தத் தொடங்கின. பூபதி அவள் கையிலிருந்த போனை வாங்கி, கறிக்கோழி வியாபாரியின் நம்பரைத் தேடினார்.