இல்லாத கள் வாடை

சாஆ என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில், காளியம்மாவும் அவள் புருஷன் ஐயாசாமியும் அடுத்தடுத்த மர நிரைகளில்தான் பால்மரம் சீவினார்கள். ஐயாசாமியின் வெட்டு பட்டையோடு நிற்கும்; மரத்தில் காயம் படாது. புதிதாக வந்தவர்களைத் தோட்டத்துத் துரையே அழைத்து வந்து அதைக் காட்டுவார்.

அந்தக் கை எப்போது பிசக ஆரம்பித்தது என்று காளியம்மாவால் சொல்ல முடியாது. முதலில் நடை மெதுவானது. பிறகு, பக்கத்திலேயே இருக்கும் உப்பைக் கேட்டு வாங்கினான். தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால், அவர்கள் வாய் திறக்கும்வரை முகத்தைச் சாய்த்தபடி காத்திருந்தான். எல்லாம் அற்ப விஷயங்கள்தான். ஆனாலும் இந்த மனுஷனுக்கு என்னமோ ஆகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

லயத்துப் பேச்சு வேறாக இருந்தது.

"உன் வீட்டுக்காரரு கள்ளுக்கடையே கதின்னு கெடக்காரு போல. மரத்தையெல்லாம் கொதறி வச்சிருக்காருன்னு கங்காணி கத்துறாரு" என்றாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா.

ஐயாசாமியிடம் கள் வாடை அடித்ததே இல்லை. கூடப் படுப்பவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், லயமே ஒன்றைச் சொல்லும்போது தன் மூக்கை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் பால் கொட்டகையில் எல்லாரும் வரிசையில் நின்றபோது, ஐயாசாமி படியில் இடறி இரண்டு வாளிப் பாலையும் கொட்டிவிட்டான். சிரிப்பு எழுந்தது.

"என்னாய்யா, இன்னும் எறங்கலயா?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மணியம் கங்காணி.

காளியம்மாவுக்கு முகம் எரிந்தது. "இவரு என்னிக்கு நிதானமா இருந்தாரு? குடிச்சுக் குடிச்சே என் மானத்த வாங்குறாரு" என்றாள், எல்லாரும் கேட்க.

ஐயாசாமி மறுக்கவில்லை. "ஆமாங்க, நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான். பிறகு மனைவியின் குரல் வந்த பக்கம் திரும்பினான். அதற்குள் அவள் நகர்ந்துவிட்டிருந்தாள். அவன் பார்வை அவள் இல்லாத இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண் போய்க்கொண்டிருக்கிறது. தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். குடிகாரனென்றால் ஏசுவதோடு விட்டுவிடுவார்கள். அதற்காக அந்தப் பொய்யை அவன் சுமந்தான். அதற்குச் சாட்சி சொன்னவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீதான் தெனமும் பாக்குறியே. தெரிஞ்சுதான் நீ சும்மா இருக்கியோன்னு நெனச்சேன்."

அவளால் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பார்க்காததை அவன் அறியமாட்டான் என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

அவளே கங்காணியிடம் உண்மையைச் சொல்லி, அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மிச்சப் பார்வையைக் காக்கலாம், போனது போனதுதான், முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கங்காணி மனமிரங்கி, மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலிலிருந்து பட்டைத் துணுக்குகளைக் கையால் தடவிப் பொறுக்கும் வேலை கொடுத்தார். ஆனால் குடிகாரன் என்ற பேர் மட்டும் போகவில்லை. அவள் எத்தனை பேரிடம் திருத்திச் சொன்னாலும், புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள்.

சில மாதம் கழித்து, ஐயாசாமி வேறு மாதிரி மாற ஆரம்பித்தான். சாப்பாடு குறைந்தது, பேச்சு இனிமையானது. பால் சீவும் தன் உளியை யாருக்கோ கொடுத்துவிட்டான். லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்கு எந்தப் பாதை நேர்ப்பாதை என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான். யாரும் எதையும் கவனிக்கவில்லை. காளியம்மா கவனித்தாள்; இந்தத் தடவை யார் சொல்லுக்கும் அவள் காத்திருக்கவில்லை. ஒரு காலையில் பாதி நிரையிலேயே வாளியை வைத்துவிட்டுச் செம்மண் பாதைக்கு ஓடினாள்.

ஐயாசாமி ஒரு மூட்டையோடு, கம்பால் புல்லோரத்தைத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"வேல நேரத்துல ஏன் வந்த?"

"தோணுச்சு, வந்தேன்."

"என்னால உனக்குக் கேவலம், காளி. நான் ஊருக்குப் போயிடுறேன்."

"கேவலம் என்னாலதாங்க. நீங்க குடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

பரவாயில்லை என்றோ, மறந்துவிடு என்றோ அவன் சொல்லவில்லை. மூட்டையை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, லயத்துப் பக்கம் திரும்பி முன்னால் நடந்தாள். பின்னால் கம்பின் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.