ஏழாம் எண்ணின் காய்ச்சல்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு கணினிக்கு மரியாதை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதன் தலையைப் பார்த்தால் போதும். மேலே பச்சைப் பொட்டலம் இருந்தால் மரியாதை உண்டு. தேங்காய் வாசனை அடிக்கும் சோளத் தின்பண்டம் அது. பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் அர்த்தம்; தலையில் வைத்தால் கணினி மக்கர் பண்ணாது என்று நம்பிக்கை. தைவானில், எங்கள் தைச்சுங் நகரத்தில், எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே வழக்கம்தான். பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. தேதி முடிந்த பொட்டலமும் ஆகாது.

பல்சக்கரம் கடையும் பதினோரு இயந்திரங்களுக்கும் பதினோரு கணினிகள், பதினோரு பொட்டலங்கள். ஆர்டர் தட்டச்சு செய்யும் என் கணினிக்கு எட்டு வருஷமாக ஒன்றும் கிடையாது. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்கும் மரியாதை எனக்குப் பிடிக்காது.

போன வருஷம் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கணினியின் சூடு, விசிறி வேகம், நினைவகம் எல்லாவற்றையும் திரையில் காட்டும் நிரல் ஒன்று இணையத்தில் திறந்த மூலமாகக் கிடந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எழுதியவர்கள் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. எடுத்தேன். எங்கள் சீன எழுத்தைப் பெரிதாகப் போட்டேன். பதினோரு கணினியையும் ஒரே திரையில் கொண்டுவந்தேன். நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வைத்து மாதக்கணக்கில் கோடு போகும்படி செய்தேன். 'நாடி' என்று பெயர் வைத்து ஜனவரியில் ஓடவிட்டேன். முதல் நாள் பதினோரு கோடும் ஒன்றாக ஊர்ந்ததைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் நான் செய்து ஓடிய முதல் பொருள் அது.

பராமரிப்பைப் பார்க்கும் பெங் அண்ணன்தான் பொட்டலங்களுக்கும் பொறுப்பு. அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"யாரோ வச்ச நூடுல்ஸ்ல வெங்காயத்தாளைத் தூவிட்டு, தன் சமையல்னு சொல்றே. நல்லா இருக்கு ஆ-ஜுன்."

"வெங்காயத்தாள் இல்லாம நீங்க சாப்பிடுவீங்களாண்ணே?"

"அது வேற."

மார்ச்சில் ஏழாம் எண் இயந்திரம் படுக்க ஆரம்பித்தது. கணினி பாதி வேலையில் தானாக அணைந்துவிடும். கடைந்துகொண்டிருந்த சக்கரம் குப்பைக்குப் போகும். நாடி பார்த்தால் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி. பெங் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிப்ரவரியில புத்தாண்டு லீவு முடிஞ்சு வந்ததும் பெட்டி புதுசு, விசிறி புதுசு மாட்டியிருக்கேன். அது எப்படிச் சூடாகும்? உன் ஓசி நிரல் பொய் சொல்லுது. அதுவே பாரமா உக்காந்து கணினியை அமுக்குதோ என்னவோ."

இந்தக் கடைசி வரிதான் முதலாளியம்மா ஹுங் காதில் விழுந்தது. திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். ஏழு ஏன் படுக்குதுன்னு சொல்லு. சொல்ல முடியலைன்னா எல்லாத்துலயும் நாடியை எடுத்துடு. ஆர்டரை மட்டும் பாரு."

தலையாட்டிவிட்டு வந்தேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரை முறைத்தேன்.

மூன்று நாள் மதிய இடைவேளை முழுக்க, சாப்பாட்டுப் பெட்டியில் பன்றிக்கறித் துண்டு ஆற ஆற, மற்றவர்கள் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தேன். சூட்டை அளக்கும் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஏழாம் எண்ணில் இருக்கும் வகை மதர்போர்டுக்கு மட்டும், விசிறி வேகத்தைப் பாதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வரி திருத்தி, விவரம் எழுதி, மூல நிரலைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அனுப்பினேன். வியாழன் காலை பதில் வந்தது: சரிதான், சேர்த்துக்கொண்டோம், நன்றி. எழுதியவர்கள் பெயர்ப் பட்டியலில் அறுபத்து மூன்றாவதாக என் முழுப் பெயர், லியாவ் பெய்-ஜுன். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டேன். பட்டியலைக் காட்டி முதலாளியம்மாவைச் சமாளிக்க முடியாது.

திருத்திய பிறகு கணக்கு தெளிவானது. விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது, சூடு மட்டும் இறங்கவில்லை. அப்படியென்றால் காற்று எங்கோ சிக்கி நிற்கிறது. கோட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். மார்ச் இரண்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஒரு படி ஏற்றம். பதினெட்டாம் தேதி மூன்று மணிக்கு இன்னொரு படி. இரண்டு படிக்கு நடுவில் கோடு நேராகப் போகிறது.

வெள்ளி காலை பெங் அண்ணனின் மேசைக்குப் போனேன். முதலாளியம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"அண்ணே, மார்ச் ரெண்டாம் தேதி பத்தேகாலுக்கு ஏழுல என்ன பண்ணீங்க?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"உங்க நோட்டுல இருக்குமே. நீங்க எழுதாம விடுற ஆளா?"

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. மூக்குக் கண்ணாடியைப் போட்டு நோட்டைப் புரட்டினார்.

"மார்ச் ரெண்டு. பஞ்சாங்கத்துல நல்ல நாள். பத்து பதினஞ்சு. ஏழாம் எண், புதுப் பெட்டி மேல புதுப் பொட்டலம் வச்சாச்சு."

"பதினெட்டு?"

"பதினெட்டு, மூணு மணி. ஏழு மறுபடி படுத்துச்சு. பெரிய பொட்டலமா இன்னொண்ணு..." அவர் நிறுத்திவிட்டார். நோட்டை மூடினார். ஏணியை எடுத்துக்கொண்டு ஏழாம் எண்ணை நோக்கி நடந்தார்.

கணினி இருந்தது இயந்திரத்துக்குப் பின்னால், அலமாரியின் உச்சியில். கீழிருந்து யாருக்கும் தெரியாது. பழைய பெட்டிகளுக்குக் காற்று வெளியேறும் துளைகள் முதுகில். இந்தப் புதுப் பெட்டிக்கோ தலையில். அந்தத் துளைகள்மேல் இரண்டு பச்சைப் பொட்டலங்கள், விழாமல் இருக்க நாலு பக்கமும் டேப் ஒட்டி, நட்டநடுவாக, அவ்வளவு அக்கறையாக. நமது சமர்த்துப் பொட்டலமே பாவம் ஏழாம் எண்ணின் மூச்சை அடைத்திருந்தது.

அண்ணன் டேப்பைப் பிய்த்துப் பொட்டலங்களைப் பக்கவாட்டில் ஒட்டினார். எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குத் துணிச்சல் கிடையாது. மூவரும் திரை முன்னால் நின்றோம். எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது. அறுபத்தாறு. ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது.

"வெங்காயத்தாள்தான் எனக்குப் பாடம் எடுக்குது," என்றார் பெங் அண்ணன்.

முதலாளியம்மா திரையின் கீழ் மூலையில் இருந்த பெயர்ப் பட்டியலைத் தட்டித் திறந்து, மெதுவாக இறங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"இது நீதானே?"

"நான்தான்."

"இருக்கட்டும். இனி நாடியை நீ பாத்துக்கோ, ஆர்டருக்கு வேற ஆள் பாக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பெங் அண்ணன் என் மேசைக்கு அடியில் குனிந்திருந்தார். என் பழைய கணினியை வெளியே இழுத்து முன்னும் பின்னும் திருப்பி, ஒவ்வொரு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"இது எந்தப் பக்கம் மூச்சு விடுதுன்னு பாக்கறேன்."

கண்டுபிடித்தபின் பையிலிருந்து புதுப் பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். தேதியைச் சரிபார்த்தார். பேனாவால் அதன்மேல் 'நாடி' என்று எழுதி, மூச்சு விடாத பக்கமாகப் பார்த்து ஒட்டினார்.