தலைவரின் கடைவாய்ப்பல்

ஷெரோமிக்கு வந்த கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில்தான் வில்லங்கம் இருந்தது. முதல் இரண்டு பக்கங்களும் உயிரியல், இரசாயனம் பற்றியவை. அவற்றுக்கு அவள் பயப்படவில்லை. உயர்தரப் பரீட்சையில் பல் மருத்துவம் அவளுக்குக் கைநழுவியது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் ஒரு மயிரிழையால். பிறகு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலங்கையிலிருந்து பன்னிரண்டு பேருக்கு அங்கே போய்ப் பல் மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசில் கொடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. விண்ணப்பித்தாள். கொழும்பில் நடக்கும் அனுமதிப் பரீட்சைக்கு அழைப்பும் வந்துவிட்டது.

மூன்றாவது பக்கம் சொன்னது இதுதான்: பிற்பகலில் செய்முறைப் பரீட்சை. ஒரு சவர்க்காரக் கட்டி தரப்படும். ஒரு மணித்தியாலத்துக்குள் அதில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைச் செதுக்க வேண்டும்.

“சவுக்காரத்துலயா?” என்றார் அப்பா மைக்கல். றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் வேலை அவருக்கு. “நீ டொக்டருக்குப் படிக்கப் போறியா, மாதா சிலை செய்யப் போறியா?”

“கை நிதானமா இருக்கான்னு பாக்குறாங்கப்பா.”

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் முழுச் சவர்க்காரம் என்று ஒன்று இருக்கவில்லை. மைக்கல் குளிக்கப் போனால் கையில் ஒரு கோணல் பல் வழுக்கியது. அம்மா றோசலின் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். வீணாகப் போக வேண்டாமே என்று கெட்டுப்போன பற்களை அங்கே கைகழுவ எடுத்துப் போனாள். மூன்றாம் நாள் ஒரு குழந்தை வீட்டுக்குப் போய், “டீச்சர் பல்லு குடுத்தாங்க” என்று சொல்லியிருக்கிறது. மறுநாள் காலை அதன் தாய் வந்து பிள்ளையின் வாயைத் திறந்து, இருக்கிற பற்களை எல்லாம் எண்ணிக் காட்டிவிட்டுப் போனாள்.

சிக்கல் வேறு எங்கோ இருந்தது. புத்தகத்துப் படத்தில் பல்லின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கத்தை ஷெரோமி ஊகித்துச் செதுக்கினாள். இருபது பல் செதுக்கியும் ஒன்றுகூடப் பல் மாதிரி இல்லை.

“இது என்னா, மாட்டுக் குளம்பா?” என்றாள் றோசலின்.

“எனக்கு நெசப் பல்லு ஒண்ணு வேணும்மா. கையில வச்சுத் திருப்பிப் பாக்கணும்.”

மைக்கல் மகள் பல் கேட்கிறாள் என்ற சேதி ஒரே பகலில் தோட்டத்து நாலு லயத்து வீடுகளுக்கும் போய்விட்டது. பல் பிடுங்கியவர்கள் எல்லாரும் அதை எப்போதோ எறிந்திருந்தார்கள். மேல் லயத்து ராசம்மா மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு தன் பல்செட்டையே கழற்றி நீட்டினாள். “ஷோறு திங்கிறதுக்குள்ள கொண்டாந்துரு.” கட்டுப்பல்லில் வேர் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? ஷெரோமி அதை வாங்கி, மரியாதைக்குப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் செல்லசாமியின் கன்னம் அவள் கண்ணில் பட்டது. செல்லசாமி தொழிற்சங்கத் தோட்டத் தலைவர். தோட்ட நிர்வாகியான தொரையின் மேசையைத் தட்டிப் பேசுகிறவர். இரண்டு வாரமாகத் தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, சளித் தடிமன் என்று சொல்லித் திரிந்தார். ஆனால் பேசும்போது, பல்வலிக்கு வைக்கும் கராம்பு வாசம் வந்தது. இடது கன்னம் கீழ்த்தாடைப் பக்கம் வீங்கியிருந்தது.

“தலைவர் மாமா, அந்தப் பல்லு எனக்கு வேணும்.”

“எந்தப் பல்லு?”

“தடிமன் புடிச்சிருக்கே, அதான்.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “சத்தமா பேசாத பிள்ள. அதைப் புடுங்குற யோசனை எனக்கு இல்ல.”

“வலிக்குதுங்களா இல்லீங்களா?”

“வலிக்குது. அது எனக்கும் பல்லுக்கும் உள்ள பிரச்சினை.”

மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. நான்காம் நாள் வலி ஷெரோமியின் பக்கம் சேர்ந்துகொண்டது. தலைவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். அவள் கூடவே வர வேண்டும். தோட்டத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. பிடுங்கினாலும் பல் அவருக்கே சொந்தம். பார்க்கலாம், எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் அவருக்கு ஒன்பதாம் நம்பர் கிடைத்தது. ஒன்பதைக் கூப்பிட்டதும் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் திரும்பி, “நீங்க போங்க, பாவம்” என்றார். அடுத்து ஒரு பாடசாலைப் பிள்ளையை அனுப்பினார். அதற்கடுத்து, யாரையோ பார்க்க வந்து சும்மா உட்கார்ந்திருந்த ஒரு முதலாளியை எழுப்பி அனுப்பப் பார்த்தார். அந்த மனிதர் பயந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

“மாமா, தொரை கூப்புட்டாலும் இப்படித்தான் பின்னால நிப்பீங்களா?”

“தொரை கையில ஊசி இருக்காது பிள்ள.”

கடைசியில் அவர் தோளைப் பிடித்து அவள் உள்ளே தள்ளினாள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். “கட்ட அரின்ன” என்றார். மே தினத்தில் சிங்களத்தில் மேடையேறிப் பேசுகிற தலைவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஷெரோமியைப் பார்த்தார். “என்னா சொல்றாங்க?”

“வாயைத் தொறக்கச் சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரியும்.”

திறந்தார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. பல்லைத் தரும்படி ஷெரோமி சிங்களத்தில் கேட்டதும் டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. கழுவி, சிறு போத்தலில் போட்டு நீட்டினார். அவள் கை போகுமுன் தலைவரின் கை போனது. மரத்துப்போன வாயோடு பஸ் முழுக்க அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

அதன்பின் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தலைவர் வீட்டு வாசலில் வகுப்பு மாதிரி நடந்தது. அவர் போத்தலைத் திறந்து பல்லை ஒரு வெள்ளைத் துணியில் வைப்பார். ஷெரோமி திருப்பித் திருப்பிப் பார்த்துச் செதுக்குவாள். வலி போன மனிதர் எதிரே உட்கார்ந்து குறை சொல்வார்.

“என் பல்லு இம்புட்டுக் குட்டையா?”

“கொஞ்சம் பொறுங்க மாமா.”

“இந்த எடத்துல ஓட்டை பெருசு. நீ சின்னதாப் போட்டுருக்க.”

பல்லின் ஒரு பக்கத்தில் இருந்த அந்தச் சொத்தைக் குழியை விட்டுவிட்டுச் செதுக்கினால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர் மனம் நோகக் கூடாதே என்று ஷெரோமி குழியையும் சேர்த்தே செதுக்கினாள். கை பழகிவிட்டது. நாலாம் வாரம் கண்ணை மூடினாலும் அந்தப் பல் வந்தது. வேர் இரண்டும், மேடுபள்ளமும் அச்சு அசல். நிஷ்டூரமாகப் பேசும் அம்மாவே, “இப்பத்தான் பல்லு” என்றாள்.

பரீட்சையன்று காலை எழுத்துத் தாள்கள் நன்றாகவே போயின. பிற்பகல் சவர்க்காரம் வந்தது, வெள்ளை, மணமில்லாதது. ஷெரோமி குனிந்தவள் ஐம்பது நிமிஷம் நிமிரவில்லை. பிறகு தூளை ஊதிவிட்டுப் பார்த்தாள். அழகான பல். இடப்பக்கத்தில் ஆழமாக, சுத்தமாக, தலைவரின் ஓட்டை.

தூளை எச்சில் தொட்டு அடைக்கப் பார்த்தாள். அது பிதுங்கி இன்னும் கேவலமாகத் தெரிந்தது. சுரண்டி எடுத்தாள். மணி அடித்துவிட்டது.

மேசை மேசையாகப் பார்த்து வந்த வெளிநாட்டுப் பேராசிரியை அதைக் கையில் எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். ஆரோக்கியமான பல்லைத்தானே கேட்டோம், இதில் ஏன் சொத்தை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஷெரோமி படித்து வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. “அவருக்கு அப்படித்தான் மேடம் இருந்துச்சு” என்பதை எப்படியோ ஆங்கிலத்தில் சொன்னாள்.

“யாருக்கு?”

“எங்கள் தோட்டத் தலைவருக்கு.”

பேராசிரியை மற்றப் பரீட்சகர் இருவரையும் கையசைத்துக் கூப்பிட்டார். மூவரும் நின்று கேட்க, அவள் கராம்பையும் மஃப்ளரையும் ஒன்பதாம் நம்பரையும் திக்கித் திணறிச் சொன்னாள். முதலாளி எழுந்து ஓடிய இடத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். “எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான். பயத்தில் கன்னம் வீங்கும்வரை வர மாட்டார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும்” என்றும் சொன்னாள். அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டார்கள். அவர்கள் சிரித்தது கதையைக் கேட்டா, தன்னைப் பார்த்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில், கூட வந்திருந்த அப்பா வாங்கிக் கொடுத்த ரோல்ஸைக் கண்ணீரோடு தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தலைவர் ஓடி வந்தார். “என்னா பிள்ள, நம்ம பல்லு பாஸா?”

“ஓட்டையோட செதுக்கிட்டேன் மாமா.”

அவர் திரும்பித் தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் சங்கத்தின் தலைப்புக் கடதாசியில் மூன்று பக்கக் கடிதத்தோடு வந்தார். மேற்படி ஓட்டைக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையதே, மாணவிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த நடவடிக்கை பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று பல்கலைக்கழகத்துக்கே தமிழில் எழுதியிருந்தார். அதை அனுப்பாமல் தடுக்க மைக்கல் இரண்டு வாரம் பாடுபட்டார்.

மூன்றாம் வாரம் ஷெரோமியின் போனுக்கு மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டு பேரில் பதினோராவது பெயர் அவளுடையது. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். றோசலின் இடுப்பில் ஒரு குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைவருக்குச் சந்தோஷம்தான். கடிதத்துக்கு வேலையில்லாமல் போனதில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல்.

அடுத்த திங்கட்கிழமை மைக்கல் லீவு போட்டு, மகளைப் பாஸ்போர்ட் படம் எடுக்க ஹட்டனுக்குக் கூட்டிப்போனார். ஸ்டூடியோக்காரர் நாலு தரம் கெமராவை விட்டுத் தலையை எடுத்தார்.

“தங்கச்சி, சிரிக்கக் கூடாது. வாய மூடுங்க.”

“மூடிட்டேங்க.”

“இல்ல, திரும்பத் தெறக்குது.”

மைக்கல் பின்னால் நின்று, “நல்லதா ஒண்ணு எடுங்க தம்பி, அவசரமில்ல” என்றார். ஐந்தாவது தரமும் படம் கெட்டது.